ஒரு டிஷ், மூன்று டிவி: ஸ்பிளிட்டர் போட்டால் ஏன் சேனல் போகிறது?

கேள்வி: மொட்டை மாடியில் இலவச சேனல் டிஷ் ஒன்று இருக்கிறது. கீழே இரண்டு, மாடியில் ஒன்று என மூன்று டிவி. மூன்றுக்கும் தனித்தனி செட்டாப் பாக்ஸ். கேபிள் டிவிக்காரர் போடும் ஸ்பிளிட்டரை வாங்கிப் பிரித்தேன். ஹால் பாக்ஸ் ஓடும்போது மட்டும் மற்ற இரண்டிலும் சில சேனல்கள் வருகின்றன. அதை அணைத்தால் எல்லாம் போய்விடுகிறது. புதிதாக இரண்டு டிஷ் வைக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம், ஒரே டிஷ் போதும். மாற்ற வேண்டியது எல்என்பியை, அதாவது டிஷ்ஷின் முன்னால் நீண்டிருக்கும் கம்பியின் முனையில் சிக்னலை வாங்கிக் கேபிளில் அனுப்பும் சிறு கருவியை.

பழைய மீன்முள் ஆன்டெனாவில் சிக்னல் மேலிருந்து கீழே மட்டும் வந்தது. அதனால் ஸ்பிளிட்டர் போட்டுப் பிரித்தால் போதும். டிஷ் கேபிளில் பாக்ஸிலிருந்து மேலேயும் ஒன்று போகிறது. எல்என்பிக்கு மின்சாரம் கொடுப்பதே பாக்ஸ்தான். அந்த மின்சாரமே கட்டளையும் கூட: 13 வோல்ட் அனுப்பினால் வெர்டிகல் (நெட்டாக அதிரும் அலை) துருவச் சேனல்கள், 18 வோல்ட் அனுப்பினால் ஹாரிசான்டல் (கிடையாக அதிரும் அலை) துருவச் சேனல்கள். தாழ், உயர் என இரண்டு அலைவரிசைப் பிரிவையும் வாங்கும் யுனிவர்சல் எல்என்பியில், 22 கிலோஹெர்ட்ஸ் டோன் என்ற சிறு அதிர்வும் சேர்ந்து போனால் உயர் பிரிவுக்கு மாறும்.

உங்கள் ஸ்பிளிட்டரில் ஒரு முனை மட்டுமே மின்சாரத்தைக் கடத்துகிறது. அது ஹால் பாக்ஸுக்குப் போயிருக்கிறது. அதை அணைத்ததும் எல்என்பி உறங்கிவிடுகிறது. போதாததற்கு, கேபிள் டிவி ஸ்பிளிட்டர்கள் பெரும்பாலும் 1000 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும்தான். டிஷ் சிக்னல் 950 முதல் 2150 வரை வருவதால், மேலே போகப் போகச் சேனல்கள் உதிர்கின்றன.

எல்லா முனையும் மின்சாரம் கடத்தும் டிஷ் ஸ்பிளிட்டர் வாங்கினால் தீருமா? பாக்ஸின் டிரான்ஸ்பாண்டர் (செயற்கைக்கோளில் சேனல்களைக் கூட்டமாக அனுப்பும் பிரிவு) பட்டியலைத் திறந்து பாருங்கள். நீங்கள் பார்ப்பவை எல்லாம் ஒரே துருவம், ஒரே அலைவரிசைப் பிரிவு என்றால் தீரும். கலந்திருந்தால் தீராது. ஒருவர் 13 வோல்ட் சேனலில் இருக்கும்போது இன்னொருவர் 18 வோல்ட் சேனலுக்குப் போனால், கூடுதல் வோல்ட்தான் ஜெயிக்கும். முதலாமவரின் படம் நின்றுவிடும். வீட்டில் சண்டை வருவதும் இதனால்தான், பாக்ஸ் மேல் பழி விழுவதும் இதனால்தான்.

அதனால் நாலு வெளிவாய் கொண்ட 'குவாட்' எல்என்பி வாங்குங்கள். ஒவ்வொரு வாயும் தனி எல்என்பி போல நடக்கும். ஒரு பாக்ஸை அணைத்தாலும் மற்றவை ஓடும். மூன்று டிவிக்கு மூன்று கேபிள், நாலாவது வாய் பின்னாளுக்கு. கடையில் இரண்டு இடத்தில் கவனம் தேவை. 'குவாட்ரோ' என்பது வேறு: அதன் நாலு வாயும் நாலு நிலையான பிரிவுகள் (ஒவ்வொரு துருவத்திலும் தாழ், உயர்), அவற்றை ஒவ்வொரு பாக்ஸுக்கும் மாற்றிக் கொடுக்கும் மல்டிஸ்விட்ச் இல்லாமல் பயன்படாது. 'டைசெக்' ஸ்விட்ச் நேர் எதிர்வேலை செய்வது. பல எல்என்பிகளை ஒரே பாக்ஸுக்குக் கொண்டுவரும்.

மாற்றும் முன் மூன்று பாக்ஸின் பிளக்கையும் சுவரிலிருந்து பிடுங்குங்கள். பழைய எல்என்பியின் கழுத்து விட்டத்தை அளந்துகொள்ளுங்கள், 40 மி.மீ. வழக்கம். அது எந்தக் கோணத்தில் திரும்பியிருக்கிறது, எவ்வளவு உள்ளே நிற்கிறது என்று மார்க்கரால் கோடு போட்டுவிட்டுக் கழற்றுங்கள். புதியதையும் அதே கோணத்தில் பூட்டினால் டிஷ்ஷைத் தொடவே வேண்டாம். பூட்டிய பின், பாக்ஸ் மெனுவில் சிக்னல் தரத்தைப் பார்த்தபடி எல்என்பியைச் சில டிகிரி இப்படி அப்படித் திருப்பி, அதிகம் காட்டும் இடத்தில் இறுக்குங்கள்.

கேபிள் ஆர்ஜி-6 ஆக இருக்கட்டும். ஒட்டுப் போடாமல் ஒரே துண்டாக இழுங்கள். கேபிள் முனையில் திருகும் எஃப் கனெக்டரை மாட்டும்போது வெளிப்பின்னலில் ஒரு முடி நடுக்கம்பியைத் தொட்டாலும் ஷார்ட். பாக்ஸ் மின்சாரத்தை நிறுத்திவிடும். நடுக்கம்பி கனெக்டர் விளிம்பைத் தாண்டி 2, 3 மி.மீ. நீண்டிருந்தால் போதும். எல்என்பிக்குக் கீழே கேபிளை ஒரு வளையமாகத் தொங்கவிடுங்கள். மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். பயன்படாத நாலாவது வாயையும் ரப்பர் மூடி போட்டு அடையுங்கள், தண்ணீர் உள்ளே போவது பெரும்பாலும் அந்த வழியாகத்தான்.

இன்னொன்று, தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்: டிஷ் கம்பத்தை எலக்ட்ரீசியனை வைத்து வீட்டு எர்த்தோடு இணையுங்கள். மூன்று பாக்ஸும் இப்போது ஒரே எல்என்பியில் சேர்ந்திருப்பதால், பக்கத்தில் மின்னல் விழுந்தாலும் அதன் வேகம் மூன்று டிவிக்கும் பாயலாம். எர்த் மட்டும் அதை முழுதாகத் தடுக்காது. வானம் கருத்து, இடி நெருங்குமுன்பே பிளக்கையும் டிஷ் கேபிளையும் மூன்று பாக்ஸிலிருந்தும் கழற்றிவிடுங்கள். இடி தொடங்கிய பின் கேபிளைத் தொட வேண்டாம்.