கரையான் புற்றும் வாழைப்பழப் பெட்டியும்

கேள்வி: சிம்பன்சி புற்றுக்குள் புல்லை விட்டுக் கரையான் தின்றதைப் பார்த்தாராம் சிம்பன்சி ஆராய்ச்சியாளர் ஜேன் குட்டால். இது அவ்வளவு பெரிய கண்டுபிடிப்பா? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: புல்லை விட்டதைவிட, குச்சியின் இலையை உருவியதுதான் பெரிய விஷயம். இன்றைய தான்சானியாவின் கோம்பே காட்டுக்கு அவர் போனது 1960 ஜூலையில். நவம்பரில், 'டேவிட் கிரேபியர்ட்' என்று அவர் பெயர் வைத்த ஆண் சிம்பன்சி புற்றருகே உட்கார்ந்திருந்தது. மழை தொடங்கும் அந்தப் பருவத்தில், ஈசல் வெளியேறுவதற்காகக் கரையான்கள் வளையைப் புற்றின் மேற்பரப்பு வரை நீட்டி, வாயை மெல்லிய மண்ணால் அடைத்திருக்கும். சிம்பன்சி அதை விரலால் சுரண்டிவிட்டுப் புல் தண்டை விடும். எதிரி வந்துவிட்டதென்று சிப்பாய்க் கரையான்கள் கவ்விக்கொள்ளும். வெடுக்கென்று இழுத்தால் உதிர்ந்துவிடும். நிதானமாக எடுத்து உதட்டால் வழித்துத் தின்னும். நுனி மடங்கினால் கடித்துத் துப்பும், இல்லாவிட்டால் மறுமுனையைத் திருப்பிவிடும். இலையுள்ள குச்சி கிடைத்தால் இலையை உருவிவிட்டு வளைக்குள் நுழைக்கும். கருவி செய்யத் தெரிந்தவன் மனிதன் மட்டுமே என்ற இலக்கணம் அங்கேதான் உடைந்தது.

கேள்வி: வாழைப்பழம் கொடுத்துப் பழக்கினாராமே, அது சரியா? (வாசகர், தேனி)

பதில்: சரியில்லை, பின்னாளில் அவரே அதன் கெடுதலை ஒப்புக்கொண்டார். முதலில் டேவிட்தான் முகாமுக்கு வந்து பழத்தை எடுத்துப் போனது. அதன் பிறகு பழம் வைக்கத் தொடங்கினார்கள். கிட்ட இருந்து பார்க்க முடிந்தது உண்மை. ஆனால் காட்டில் சிதறி மேயும் கூட்டம் ஒரே இடத்தில் குவிந்தது, பபூன் குரங்குகளும் வந்தன, சண்டை பெருகியது. எஃகுப் பெட்டியில் பூட்டிவைத்து, அளவாகத் திறந்துகொடுத்துப் பார்த்தார்கள். 1966-ல் போலியோ பரவி, சில சிம்பன்சிகளுக்குக் கை கால் முடங்கின. தடுப்பு மருந்தை அதே வாழைப்பழத்தில் வைத்துத்தான் கொடுத்தார்கள்! நோய் மனிதரிடமிருந்து வந்ததென்றே கருதப்படுகிறது. குரங்குக்குப் பழம் நீட்டும் சுற்றுலாப் பயணிகளுக்கும் இது பொருந்தும்.

கேள்வி: ஜேன் குட்டால் ஆராய்ச்சியை விட்டு ஊர் ஊராகப் போனது ஏன்? (வாசகர், கரூர்)

பதில்: 1986-ல் சிகாகோ மாநாட்டில் ஆப்பிரிக்கா முழுக்கக் காடு அழிவதைக் கேட்ட பிறகுதான், அதைக் காக்கப் பேசக் கிளம்பினார். கோம்பேயைச் சுற்றிய மலைகளும் மொட்டையாயின. விறகுக்கும் விளைநிலத்துக்கும் வேறு வழியில்லாத ஜனங்கள் வெட்டிய காடு அது. அதனால் அவருடைய அமைப்பு 1994-ல் அங்கே தொடங்கிய 'டேக்கேர்' (TACARE) திட்டத்தில் நாற்றங்கால், பெண்களுக்குச் சிறுகடன், மாணவிகளுக்கு உதவித்தொகை எல்லாம் சேர்ந்தே வந்தன. வெட்டிய மரத்தின் அடிக்கட்டை உயிரோடு இருந்தால், தீயும் கோடரியும் படாமல் விட்டாலே தழைத்துவிடும். கிராமத்தார் சில சரிவுகளை அப்படியே ஒதுக்கிவைத்தார்கள்.