மெக்கடனின் சாவு வீரமரணமா?

அன்புள்ள ஐயா,

முதல் உலகப்போர் விமானிகளைப் பற்றிய கட்டுரையில் பிரிட்டிஷ் விமானி ஜேம்ஸ் மெக்கடன் விமான விபத்தில் இறந்தார் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். நான் பைக் மெக்கானிக். அவரும் மெக்கானிக்காக இருந்தவர் என்று தெரிந்ததிலிருந்து மனசு அவரையே சுற்றிவருகிறது. என் நண்பரோ, சண்டையில் சாகாமல் விபத்தில் செத்தால் அது வீரமரணமா என்கிறார். என்ன பதில் சொல்ல?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஒரு வரியில் முடித்தது தவறுதான்.

மார்பில் பட்டால் விழுப்புண், முதுகில் பட்டால் பழி என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம், அதனால் உங்கள் நண்பர் கேட்பது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் கணக்கு வேலுக்கும் வாளுக்கும் சரி. மரச்சட்டத்தில் துணி போர்த்திய விமானத்தில், பாராசூட்கூட இல்லாமல் மேலே போனவர்களுக்கு எதிரி ஜெர்மன்காரன் மட்டுமா? மெக்கடனின் அண்ணன் வில்லியமும் விமானிதான், 1915இல் விபத்தில் போனார். தம்பி ஜான் 1918 மார்ச்சில் சண்டையில் போனார். அந்தத் தாய்க்கு இதில் எது பெரிய சாவு, எது சின்ன சாவு?

மெக்கடன் 1910இல், 15 வயதில், பியூகிள் ஊதும் பையனாக ராணுவத்தில் சேர்ந்தவர். 1913இல் விமானப் பிரிவில் மெக்கானிக், அப்புறம் பின்சீட்டில் உட்கார்ந்து வேவு பார்ப்பவர், 1916இல் விமானி. வீழ்த்திய விமானங்கள் 57, பிரிட்டனின் மிக உயரிய வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் உட்படப் பதக்கங்கள் ஏராளம். எனக்கு அவற்றைவிட அவருடைய எஞ்சின்தான் முக்கியமாகப் படுகிறது. படம் பிடிக்க வரும் ஜெர்மன் ரம்ப்ளர் விமானங்கள் 20,000 அடி உயரத்தில், பிரிட்டிஷ் விமானங்களுக்கு எட்டாமல் பறந்துகொண்டிருந்தன. அந்த உயரத்தை எட்ட, மெக்கடன் தன் எஸ்.இ.5ஏ போர் விமானத்தில் அதிக அழுத்தம் தரும் பிஸ்டன்களை மாட்டினார், துப்பாக்கிகளைத் தானே மணிக்கணக்கில் சரிபார்த்தார், தான் வீழ்த்திய ஒரு ஜெர்மன் விமானத்தின் சிவப்புக் கூம்பு மூடியைக் கழற்றிவந்து தன் புரொப்பெல்லர் முன்னால் பொருத்திக்கொண்டார். உங்கள் பட்டறையில் பழைய வண்டியிலிருந்து நல்ல பார்ட்ஸைக் கழற்றி வைத்துக்கொள்வீர்களே, அதே கைதான். அந்தக் குளிரில், காற்றே மெலிந்த உயரத்தில், திறந்த இருக்கையில் உட்கார்ந்து காத்திருப்பார். நிலைமை சாதகமில்லை என்றால் சண்டையை விட்டுவிட்டுத் தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு திரும்பிவிடுவார். நான் அவரை மதிப்பதே இதற்காகத்தான்.

1918 ஜூலை 9ஆம் தேதி, மேஜராகப் பதவி உயர்ந்து, 60ஆம் ஸ்குவாட்ரன் என்ற விமானப்படைப் பிரிவுக்குத் தலைமை ஏற்க இங்கிலாந்திலிருந்து புதிய விமானத்தில் பிரான்ஸுக்குப் பறந்தார். வழி தெரியவில்லை. ஓசி-லே-ஷாத்தோ என்ற இடத்து விமானத் தளத்தில் இறங்கி, நாம் டீக்கடையில் நிறுத்திக் கேட்பதைப்போல வழி கேட்டார். மறுபடி கிளம்பியதுமே எஞ்சின் மக்கர் செய்தது, விமானம் மரங்களுக்குள் விழுந்தது. அன்று மாலையே இறந்தார். வயது 23. எஞ்சினை அவ்வளவு தெரிந்தவரை எஞ்சினே கைவிட்டது என்பதை இத்தனை வருடம் கழித்தும் என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

உங்கள் நண்பரிடம் அந்த அண்ணன் தம்பிகளைப் பற்றிச் சொல்லுங்கள். மெக்கடனின் கல்லறை, அவர் விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே, வவான் என்ற சிற்றூரில், ஒரு சின்ன இடுகாட்டில் இருக்கிறது. அவர் போய்ச்சேர வேண்டிய போஃப்லே தளம் அங்கிருந்து சில கிலோமீட்டர்தான்.