டெஸ்ட் ரிப்போர்ட் வாங்கியாச்சு, மீட்டரும் வந்தாச்சு. வீட்டு வயரிங்கை இன்னும் சோதிக்க வேண்டுமா?

"புது வீட்டுக்கு வயரிங் முடிந்து டெஸ்ட் ரிப்போர்ட்டும் வாங்கிவிட்டோம். ஈ.பி.யில் மீட்டரும் வைத்துவிட்டார்கள். இதற்கு மேல் தனியாக ஒருவரைக் கூப்பிட்டுச் சோதிக்க வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டும். குடிபோவதற்கு முன்னால் என்றால் நல்லது. குடிபோய்விட்டீர்கள் என்றால் இந்த வாரமே செய்யுங்கள்.

நீங்கள் கேட்ட விதத்திலேயே பாதி கதை தெரிகிறது. கொத்தனார் கூட்டிவந்த எலெக்ட்ரீசியன், பாயிண்ட் ரேட்டுக்கு வேலை, நீங்கள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ, மேற்பார்வைக்கு வீட்டுப் பெரியவர்கள். ரிப்போர்ட்டில் இருப்பது யாரோ ஒரு காண்ட்ராக்டரின் சீல், அந்த மனிதரை நீங்கள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. நான் நினைப்பது தவறு என்றால் சந்தோஷம். எங்கள் பக்கம் நான் பார்த்த வீடுகள் அநேகமாக இப்படித்தான்.

நான் ராமநாதபுரம் மாவட்டம் பெரியபட்டினத்துக்காரன். பரமக்குடி ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீசியன் படித்து, வயர்மேனுக்கான பி லைசென்ஸ் வாங்கி, துபாயில் வருஷக்கணக்கில் மெயின்டனன்ஸ் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன். "வயர்மேன் பிழைப்பில் மண்ணைப் போடுகிறாயா" என்று கமெண்டில் வரப்போகிறவர்கள் கவனிக்கவும், அது என் பிழைப்பும்தான்.

முதலில் ஒரு விஷயம் புரிந்துகொள்ளுங்கள். ஈ.பி.யின் பொறுப்பு மீட்டரோடு முடிகிறது. அதற்கு உள்ளே சுவருக்குள் ஓடுகிற எல்லாமே உங்கள் பொறுப்பு. மீட்டர் வைக்க வருகிறவர் லோடு, சர்வீஸ் வயர் போகிற வழி, மெயின் போர்டு இவற்றைப் பார்ப்பார். ஒவ்வொரு பிளக் பாயிண்டாகக் கழற்றிப் பார்க்க அவருக்கு நேரமும் கிடையாது, அது அவர் வேலையும் கிடையாது. புயல் மழை என்றால் கம்பத்தில் ஏறுகிறவர்கள் அவர்கள்தான், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மின் ஆய்வுத்துறை என்று தனியாக ஓர் அரசுத் துறை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, தலைமையிடம் கிண்டியில். உயரழுத்த இணைப்பு, சினிமா தியேட்டர், உயரமான கட்டடம், லிஃப்ட் எல்லாம் அவர்கள் பார்வைக்குப் போகும். கீழக்கரைச் சந்துக்குள் இருக்கும் மாடி வீட்டுக்கு அவர்கள் வருவதில்லை. ஆக, உங்கள் வீட்டுக்கென்று இருக்கிற ஒரே சோதனை அந்த ரிப்போர்ட். வேலை செய்தவர் தரப்பே "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று தன் வேலைக்குத் தானே எழுதிக் கொடுக்கும் காகிதம் அது.

லைசென்ஸ் வைத்திருக்கிற காண்ட்ராக்டர் நேரில் வந்து, மெக்கர் (வயரின் இன்சுலேஷனை அளக்கும் மீட்டர்) வைத்து அளந்து கையெழுத்துப் போட்டால் அந்தக் காகிதத்துக்கு மதிப்பு உண்டு. அப்படிச் செய்கிறவர்கள் ராமநாதபுரத்திலேயே இருக்கிறார்கள், எனக்கே தெரியும். அளக்காமல் கையெழுத்துக்கு மட்டும் காசு வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். காகிதத்தைப் பார்த்து இரண்டையும் பிரித்துச் சொல்ல உங்களால் முடியாது, என்னாலும் முடியாது.

என் லாத்தா, அதாவது அக்கா, வீட்டுக் கதையைச் சொன்னால் விளங்கும். வீடு கீழக்கரையில். மச்சான் கத்தாரில் இருந்தார், நான் துபாயில் இருந்தேன், கட்டியது உறவுக்காரக் கொத்தனார். தரைக்கு மார்பிள், வாசலுக்குத் தேக்கு, ஹாலில் தொங்குகிற விளக்கு, எல்லாவற்றுக்கும் வீடியோ கால் போட்டு என்னிடம் யோசனை கேட்டார்கள். வயரிங்குக்குக் கேட்கவில்லை. மௌலூது ஓதிக் குடிபோன கொஞ்ச நாளில் ஃபிரிட்ஜைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கிறது என்றார்கள். எலெக்ட்ரீசியன் வந்தான், பாயிண்டைக் கழற்றினான், மாட்டினான், "இப்போ தொட்டுப் பாருங்க லாத்தா" என்றான். அடிக்கவில்லை. கைராசிக்காரன் என்று வீட்டில் பெயர் வாங்கிவிட்டான்.

அப்புறம் ஐப்பசி மழை வந்தது. மழை பெய்யும் இரவெல்லாம், கரண்ட் கசிந்தால் தானே துண்டிக்கிற ஆர்.சி.சி.பி. விழுந்தது. தூக்கிவிட்டால் மறுபடி விழுகிறது. புழுக்கத்தில் பிள்ளைகள் தூங்கவில்லை. மறுபடி அவனையே கூப்பிட்டார்கள். "நம்ம ஊர் உப்புக் காத்துக்கு இதெல்லாம் ஒத்துவராது" என்று சொல்லி, அந்தக் கருவியைத் தாண்டி லைனை நேராக இணைத்து டைரக்ட் போட்டுவிட்டுப் போனான். விழுவது நின்றுவிட்டது. இரண்டாவது தடவையும் நல்ல பெயர்.

மறு வருஷம், தரை துடைத்துக்கொண்டிருந்த லாத்தா ஈரக் கையோடு ஃபிரிட்ஜ் கைப்பிடியைப் பிடித்திருக்கிறார். தூக்கிப் போட்டுவிட்டது. தோள்பட்டை எலும்பு விலகிவிட்டது. மருமகள் ஓடிப்போய் மெயினை இறக்கியிருக்கிறாள். இறைவன் காப்பாற்றினான், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

செய்தி கேட்டு நான் கிளம்பிய லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். பெருநாள் நெருங்கிய சமயம். மதுரைக்கு டிக்கெட் விலையைப் பார்த்தால் ஒரு மாதச் சம்பளம் கையை விட்டுப் போகும் போல இருந்தது. இந்த மாவட்டத்துக்காரர்கள் வளைகுடாவில் கொட்டிக் கிடக்கிறோம். இந்தக் கரையோரத்து மாடி வீடுகள் பலவும் அந்தப் பணத்தில் நிற்பவை. ஆனால் எங்களுக்கு அவசரம் வரும் நாளில்தான் டிக்கெட் விலை உச்சிக்குப் போகும். கேட்க ஆளில்லை. கடைசியில் திருவனந்தபுரத்தில் இறங்கி, பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தேன். போகட்டும்.

வந்ததும் மெயினை இறக்கிவிட்டு ஃபிரிட்ஜ் பாயிண்டைக் கழற்றினேன். கசிகிற கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோக வேண்டிய எர்த் முனையில் பச்சை வயர் இருந்தது. சுவருக்குள்ளிருந்து வரவில்லை. விரல் நீளத் துண்டு, பக்கத்திலிருந்த நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் வழி) முனையிலிருந்து எர்த் முனைக்கு லூப். சமையல்கட்டுக்கு எர்த் வயரே இழுக்கவில்லை. முதல் தடவை வந்தபோது அவன் செய்த வைத்தியம் இதுதான்.

இது ஏன் ஆபத்து என்று வீட்டில் இருக்கிறவர்களுக்கும் புரிய வேண்டும். நியூட்ரல் ஒழுங்காக இருக்கும்வரை ஃபிரிட்ஜின் உடம்பும் ஏறக்குறைய பூஜ்ய வோல்ட்டில் இருக்கும், சுருக்கென்பது போய்விடும். என்றைக்கு அந்த நியூட்ரல் வழியில் எங்கேயாவது விட்டுப்போகிறதோ, அன்றைக்கு ஃபேஸில் வருகிற கரண்ட் ஃபிரிட்ஜுக்குள் போய், திரும்பிப் போக வழியில்லாமல், அந்த லூப் வழியாக உடம்புக்கே வந்துவிடும். 230 வோல்ட் இரும்புப் பெட்டியில் காத்திருக்கும். இங்கே விட்டுப்போனது ஜங்ஷன் பாக்ஸில். முறுக்கி டேப் சுற்றிய ஜாயிண்ட் உப்பில் பச்சை பூத்து, தொட்டதும் கையோடு வந்தது.

ஆர்.சி.சி.பி.யை டைரக்ட் போடாமல் விட்டிருந்தால் அந்த நொடியே விழுந்திருக்கும். போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசப்பட்டாலே துண்டிக்க வேண்டிய கருவி அது. எம்.சி.பி. இதற்கு உதவாது. அது வயர் சூடாகி எரியாமல் காப்பதற்கு, மனிதனுக்கு அல்ல. லாத்தா வீட்டில் ஆர்.சி.சி.பி., எம்.சி.பி.கள் இருக்கும் டி.பி. பாக்ஸில் திருஷ்டி பொம்மை மாதிரி சும்மா உட்கார்ந்திருந்தது. மழையில் அது ஏன் விழுந்தது என்று மெக்கர் வைத்துப் பார்த்தேன். காம்பவுண்டுச் சுவர் விளக்கு ஒன்றுக்குள் தண்ணீர் இறங்கியிருந்தது. அந்த ஒரு லைனைப் பிரித்து வைத்திருந்தால் போதும். கருவி தன் வேலையைச் சரியாகச் செய்தது, அதற்குத்தான் தண்டனை கிடைத்தது.

பிறகு ஃபைலை எடுத்து ரிப்போர்ட்டைப் பார்த்தேன். இன்சுலேஷன் எல்லா சர்க்யூட்டுக்கும் ஒரே எண். எர்த் "சரி". சமையல்கட்டில் எர்த் வயரே இல்லாத வீட்டில் எர்த் சரி! சீலில் இருந்த நம்பருக்குப் போன் போட்டேன். "எந்த ஊர் வீடு பாய்?" என்றார். சொன்னேன். "நான் கையெழுத்து மட்டும்தான் பாய், வேலை பார்த்த பையன்கிட்ட கேளுங்க" என்றார். கோபப்படக்கூட இல்லை. பெட்டிக்கடையில் சில்லறை இல்லை என்று சொல்கிற குரல்.

அந்தப் பையனையும் முழுக்கக் குற்றம் சொல்ல எனக்கு வரவில்லை. பாயிண்டுக்கு இவ்வளவு என்று பேரம் பேசி அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டு, எர்த் வயர் ஏன் இழுக்கவில்லை என்றால் என்ன நியாயம்? நான் இப்போது ஊரில் வேலைக்கு விலை சொன்னால், "அவன் பாதிதான் கேட்கிறான்" என்கிறார்கள். அந்தப் பாதியில் எதை விட்டிருக்கிறான் என்று ஒருவரும் கேட்பதில்லை. துபாயில் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து ஒப்புக்கொண்டால்தான் சப்ளை. சின்னக் குறை என்றாலும் திரும்பச் செய் என்று போய்விடுவார். நம் ஊர்ப் பையன்கள்தான் அங்கே அந்த வேலையைச் சுத்தமாகச் செய்கிறார்கள். கை அதே கைதான், இங்கே பார்க்கிற கண் இல்லை.

கடலோரம் என்றால் இன்னும் ஒரு படி மேலே கவனம் வேண்டும். சுவரில் உப்புப் பூத்து ஈரம் இழுக்கும். இரும்பு பாக்ஸ் துருப்பிடிக்கும், திருகு இறுகிப்போகும். எர்த் குழியில் கரியும் உப்பும் போடுவது பழைய முறை. மண்ணே உப்பாக இருக்கிற இடத்திலும் மூட்டையாகக் கொட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். புதிதில் அளவு நன்றாகக் காட்டும், ஜி.ஐ. பைப்பும் (துத்தநாகம் பூசிய இரும்பு பைப்) கிளாம்பும் சீக்கிரம் அரித்துப்போகும். வருஷம் ஒருமுறை மூடியைத் திறந்து நட்டு பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். 2024 நவம்பரில் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அன்றைக்குத் தங்கச்சிமடத்தில் என் நண்பர் வீட்டுக்குள் தண்ணீர் ஏறியதும் முதலில் விழுந்தது ஆர்.சி.சி.பி.தான். அவர் அதை டைரக்ட் போடாமல் வைத்திருந்தார்.

சரி, உங்கள் வீட்டுக்கு வருகிறேன். இன்றைக்கே நீங்களே செய்யக்கூடியது ஒன்று உண்டு. டி.பி. பாக்ஸில் ஆர்.சி.சி.பி.யில் 'T' என்று ஒரு பொத்தான் இருக்கும், அழுத்துங்கள். விழ வேண்டும். விழுந்த பிறகும், இன்வெர்ட்டரில் ஓடாத விளக்கு வீட்டில் எங்கேயாவது எரிகிறது என்றால் அந்த லைன் ஆர்.சி.சி.பி.யைத் தாண்டிப் போகிறது. அப்படி ஒரு கருவியே இல்லை என்றால் முதலில் அதை வாங்குங்கள், 30 மில்லி ஆம்பியர் என்று கேட்டு வாங்குங்கள். தமிழ்நாட்டு விதியிலேயே அது இருக்கிறது, யாரும் உங்களுக்குச் சலுகை செய்யவில்லை.

மற்றதற்கு, கட்டிய ஆளை விட்டுவிட்டு வேறு லைசென்ஸ்காரரைக் கூப்பிடுங்கள். கூலி பேசும்போதே மெக்கர் கொண்டுவருவீர்களா என்று கேளுங்கள். மெயினை இறக்கி, எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டு, மெக்கரை 500 வோல்ட்டில் ஒரு நிமிஷம் வைத்துப் பார்த்தால் லைனுக்கும் எர்த்துக்கும் இடையில் குறைந்தது 1 மெகா ஓமாவது காட்ட வேண்டும். எண்ணை உங்கள் கண்முன்னால் எழுதச் சொல்லுங்கள். டெஸ்ட் லாம்பை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் வைத்து, "பாருங்க, நல்லா எரியுது, எர்த் சூப்பர்" என்று மட்டும் காட்டினால் ஏமாறாதீர்கள். நியூட்ரல் லூப் போட்ட பாயிண்டிலும் அந்த பல்பு பளிச்சென்றுதான் எரியும். உண்மையான எர்த் என்றால் பல்பு வைத்ததுமே ஆர்.சி.சி.பி. விழும். பல்பு நிம்மதியாக எரிந்துகொண்டே இருந்தால் அந்தப் பாயிண்டைக் கழற்றச் சொல்லுங்கள். தயவுசெய்து இதை நீங்களே செய்து பார்க்காதீர்கள், பிறகு என்னைத் திட்டுவார்கள்.

இன்னும் பூச்சு முடியாத வீடு என்றால் அதிர்ஷ்டசாலி. பைப் புதைத்ததும் ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுத்து வையுங்கள். வயர் இழுக்கிற அன்று எல்லாப் பாயிண்டுக்கும் பச்சை வயர் போகிறதா என்று நின்று பாருங்கள். கடைசித் தவணையை, அளந்து காட்டிய பிறகு கொடுங்கள். கையெழுத்துப் போடுகிற காண்ட்ராக்டர் வீட்டுக்கு வந்தாக வேண்டும் என்று ஆரம்பத்திலேயே பேசிவிடுங்கள். முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

கீழக்கரை, பெரியபட்டினம், உச்சிப்புளி வட்டாரத்தில் யாருக்காவது மெக்கர் வேண்டுமென்றால் மெசேஜ் போடுங்கள், ஒரு நாள் இரவலாகத் தருகிறேன். பேட்டரி நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். போன தடவை வாங்கிப்போனவர் தீர்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.