பதில்: நாவலைத் தழுவிய தொடர் டிவியில் ஏன் மேடை நாடகம் போலத் தெரிகிறது?

வணக்கம். சரித்திரத் தொடர் மேடை நாடகம் போலத் தெரிகிறது, வசனம் கேட்கவில்லை, தியேட்டருக்குப் போனால் முன்வரிசையில் கழுத்து வலிக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். தொடரைக் குறை சொல்லும் முன் டிவியைச் சரிசெய்யுங்கள்.

இத்தகைய தொடர்களைப் பெரும்பாலும் விநாடிக்கு 24 பிரேம் (தனித்தனிப் படம்) கணக்கில்தான் எடுக்கிறார்கள். டிவி இடையில் தானாகவே பிரேம்களை உருவாக்கிச் செருகுகிறது. மேடை நாடகம் போலத் தோன்ற வைக்கும் வழுவழுப்பு அதனால் வருவது. பிக்சர் செட்டிங்ஸில் இந்த வசதியின் பெயர் சோனி என்றால் மோஷன்ஃப்ளோ, எல்ஜி என்றால் ட்ரூமோஷன். அதை ஆஃப் செய்யுங்கள். படத்தை எடுத்தபடியே காட்டும் ஃபிலிம்மேக்கர் மோட் இருந்தால் அதைப் போட்டாலே போதும். டிவியின் ஆப்புக்கும் ஒவ்வொரு எச்டிஎம்ஐ போர்ட்டுக்கும் இதைத் தனித்தனியாக மாற்ற வேண்டியிருக்கும். பலர் தவறவிடுவது இதைத்தான்.

5.1 ஒலியில் (ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு பேஸ் ஸ்பீக்கருக்கும் பிரித்துத் தரும் ஒலி) வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்குப் போகும். டிவியின் இரண்டு ஸ்பீக்கரை மட்டும் நம்பியிருந்தால், ஆப்பில் ஆடியோவை ஸ்டீரியோவுக்கு மாற்றுங்கள். சண்டைச் சத்தம் அப்போதும் அதிர்ந்தால் பெரிய சத்தத்தை அடக்கும் நைட் மோட் போடுங்கள். டிவியின் 'சரவுண்ட்' எஃபெக்ட் மட்டும் வேண்டவே வேண்டாம், பேச்சு இன்னும் மங்கிவிடும்.

தியேட்டரில் திரையிலிருந்து அரங்கின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு தள்ளி, நடு இருக்கையாக எடுங்கள். ஒலியை அளந்து சரிசெய்வதும் ஏறக்குறைய அந்த இடத்தை வைத்துத்தான். முன் இரண்டு வரிசைதான் மிச்சம் என்றால் அடுத்த காட்சிக்குப் போங்கள்.