திருத்தத் தெரியாத அம்மா

வணக்கம் அண்ணே,

நாங்க பாம்பன். மகன் ரெண்டாங்கிளாஸ், வர்ற ஐப்பசில ஏழு முடியுது. எழுத்தெல்லாம் தெரியும், சேத்து வாசிக்கத்தான் வரல. 'க, ப், ப, ல்'னு தனித்தனியா சரியாச் சொல்லிட்டு, சேத்துச் சொல்லுடான்னா முழிக்கறான். டைரில மிஸ் மூணு தடவ எழுதிவிட்டுட்டாங்க. அவன் வயசுதான் எங்க நாத்தனார் மக, பேப்பரே வாசிக்குது. தினம் ராத்திரி ஒரு மணி நேரம் நானே பக்கத்துல உக்காந்து வார்த்தைக்கு வார்த்தை திருத்தி வாசிக்க வைக்கறேன். அவன் வாசிக்கறத வீடியோ எடுத்து குடும்ப குரூப்ல போட்டு யோசனையும் கேட்டேன், ஆளுக்கொண்ணு சொல்றாங்க. இப்ப புத்தகப் பையப் பாத்தாலே அப்பத்தா முதுகுக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சுக்கறான். அவங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, 'விடு புள்ள'ங்கறாங்க. ராமநாதபுரத்துல பெரிய ஸ்கூலா பாத்து மாத்தவா, இல்ல டியூசன் போடவா?

*

அன்புள்ள தங்கச்சிக்கு,

ஸ்கூல் மாத்த வேணாம். விடியுமுன்ன எந்திரிச்சு வேன்ல பாலந்தாண்டி ராமநாதபுரம் போயி தூங்கி வழிஞ்சுக்கிட்டு திரும்பற புள்ளைக்கு வாசிப்பு வராது, வாந்திதான் வரும். டியூசனும் வேணாம். நாத்தனார் மக பேப்பர் வாசிக்கட்டும், சந்தோசம். அரசு ஆஸ்பத்திரில கண்ணையும் காதையும் மட்டும் ஒருக்கா காட்டிருங்க, அதுல கோளாற வச்சுக்கிட்டு புள்ளைய மக்குன்னு வஞ்சுக்கிட்டிருப்போம். ரெண்டும் நல்லா இருந்து, மூணாங்கிளாஸ் பாதி தாண்டியும் இப்படியே நின்னான்னா கற்றல் குறைபாடு இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துலயே அதையும் சேத்திருக்காங்க, வெக்கப்பட ஒண்ணுமில்ல.

ஆனா அந்த வீடியோ. என்ன காரியம்மா பண்ணிருக்கீங்க? நீங்க தோசை கருகவிட்டத ஒங்க வீட்டுக்காரர் படமெடுத்து குரூப்ல போட்டு 'இவள என்ன பண்ணலாம்'னு கேட்டா சும்மா இருப்பீங்களா? சித்தப்பன் பெரியப்பன் எல்லாம் பாத்துட்டாங்கன்னு அவனுக்குத் தெரியாதுன்னா நெனக்கறீங்க? தெரியும்.

சரி, கோவத்த விடுங்க. ஒங்க லெட்டர் வந்த அன்னைக்குக் காலைலதான் பழைய டிரங்குப் பெட்டியத் தொறந்து, எங்கப்பா சவுதிலேர்ந்து எழுதுன லெட்டரயெல்லாம் வெளிய எடுத்து அடுக்கிக்கிட்டிருந்தேன். அதனாலதான் ஒடனே எழுதறேன்.

நானும் மூணாங்கிளாஸ் வர்ற வரைக்கும் வாசிக்கல. எங்க வாத்தியார் ஒருத்தர், பேரு எதுக்கு, தப்பா வாசிச்சா வார்த்தைக்கு ஒரு கொட்டு வைப்பாரு. நான் கத்துக்கிட்டது என்னன்னா வாயத் தொறக்காம இருந்தா கொட்டு கொறையும்ங்கறது. எங்க ஊரு ஏர்வாடிப் பக்கம். அம்மா பாசி எடுக்கப் போவா. கடலுக்குள்ள முங்கி முங்கி மரிக்கொழுந்துப் பாசிய பாறையோட பிச்சு எடுக்கணும், விரல்ல துணி சுத்திருந்தாலும் கிழிச்சிரும். சாயங்காலம் வந்து விரலுக்கெல்லாம் எண்ணெய் தடவிக்கிட்டே 'அப்பா என்ன எழுதிருக்காருன்னு வாசிடா'ம்பா. அவளுக்கு ஒரெழுத்து தெரியாது. அதுவரைக்கும் வாசிச்சுச் சொன்ன பக்கத்து வீட்டு அக்கா கல்யாணமாகி தொண்டிக்குப் போயிருச்சு, புருசன் எழுதுன லெட்டர ஊரான் கைலயா குடுப்பா?

அப்பா கையெழுத்துல புள்ளியே இருக்காது. 'பணம அனுபபியிருககேன'ன்னு இருக்கும். நான் இருக்கறத இருக்கற மாதிரியே 'பணம... அனுப... பியிரு'ன்னு இழுப்பேன். அம்மா குறுக்க வரமாட்டா. வரத் தெரியாதே! எண்ணெயத் தடவிக்கிட்டு உக்காந்திருப்பா. மூணாந்தடவ இழுக்கறப்ப அவளுக்கு அது வார்த்தையாயிரும், 'அனுப்பியிருக்கேன்னு எழுதிருப்பாருடா'ன்னு சிரிப்பா. எழுத்து என்ட்ட இருந்துச்சு, வார்த்தை அவட்ட இருந்துச்சு. ஒரு லெட்டருக்கு ஒரு மணி நேரம் ஆகும், எட்டு பத்து லெட்டர்ல எனக்கு வாசிப்பு வந்துருச்சு, எப்ப வந்துச்சுன்னு ரெண்டு பேருக்குமே தெரியாது.

இது ஏதோ எங்க வீட்டு வேடிக்கைன்னு நெனச்சிராதீங்க. ஓலைச்சுவடில புள்ளி வைக்க மாட்டாங்க, எழுத்தாணி குத்துனா ஓலை பொத்துக்கும். கெடுவும் கேடும் அதுல ஒண்ணுபோலத்தான் இருக்கும், இப்ப நாம போடற ரெட்டைக் கொம்பு 18-ம் நூற்றாண்டுல வீரமாமுனிவர் பண்ணுன திருத்தம்பாங்க. காதுல வார்த்தைய வச்சிருந்தவன்தான் ஓலைய வாசிச்சான். இன்னைக்கும் 'காகம்'ல மொத எழுத்துக்கு ஒரு சத்தம், அடுத்த க-வுக்கு வேற சத்தம். 'கொக்கு'ல கொம்பு முன்னாடி நிக்குது, கால் பின்னாடி நிக்குது, வாய் நடுவுல இருக்கற க-வுலேர்ந்து ஆரம்பிக்கணும். ஒங்க மகன் இத்தனையும் கணக்குப் போட்டு, காதுல கெடக்கற வார்த்தையத் தேடிக்கிட்டு முழிக்கறான் பாருங்க ரெண்டு செகண்டு, அந்த முழிதாம்மா வாசிப்பு. சரியா அந்த நேரம் பாத்து நீங்க 'கொக்கு, கொக்குடா'ன்னு பாயறீங்க. தினம் ஒரு மணி நேரம் மெனக்கெட்டு உக்காந்து அதத்தான் புடுங்கறீங்க.

திருத்தாதீங்க. தப்பா வாசிச்சாலும் திருத்தாதீங்க. கப்பல 'கம்பல்'னு வாசிச்சாலும் திருத்தாதீங்க, பாம்பன்ல பொறந்த புள்ள, அடுத்த வரில கம்பல் தண்ணில போனா அவனே சந்தேகப்பட்டுத் திரும்பி வருவான். வாயரிச்சா வெத்தலை போட்டுக்குங்க. கொரோனால பள்ளிக்கூடம் மூடிக்கெடந்த பெறகு 2022-ல சின்ன வகுப்புப் புள்ளைங்களுக்கு 'எண்ணும் எழுத்தும்'னு அரசாங்கத் திட்டம் கொண்டாந்தாங்கள்ல, அதுலயே எட்டு வயசுக்குள்ள வாசிக்கணும்னுதான் கணக்கு. அரசாங்கம் எட்டு வரைக்கும் பொறுக்குது, பெத்தவ நீங்க பொறுக்க மாட்டேங்கறீங்க.

அவன் ஓடி ஒளியற எடத்தக் கவனிச்சீங்களா? சரியான ஆளுட்டத்தான் போயிருக்கான். வீட்டுக்கு வர்ற கல்யாணப் பத்திரிகைய அப்பத்தா கைல குடுத்துருங்க. யார் வீட்டுக் கல்யாணம், எந்த ஊரு, எத்தனாந் தேதி, மொய் செய்யணுமான்னு அவங்களுக்குத் தெரிஞ்சாகணும், கேக்க அவன விட்டா ஆளில்லங்கற மாதிரி நீங்க அடுப்படில இருந்துக்குங்க. உள்ளேர்ந்து கொரல் குடுக்கப்படாது.

டிரங்குப் பெட்டில இருந்த லெட்டர்ல ஒண்ணு, கடைசி வரி. அம்மாவ ஏதோ பேரு சொல்லிக் கூப்பிட்டு முடிச்சிருக்காரு. புள்ளி எங்க வைக்கறதுன்னு தெரியல. நாலு விதமா வாசிச்சுப் பாத்துட்டேன், ஒண்ணும் நான் கேட்ட வார்த்தையா இல்ல. அப்ப அந்த வரிய எப்படி வாசிச்சேன்னும் ஞாபகமில்ல, அதுக்கு முன்னாடியே லெட்டர வாங்கி மடிச்சு வச்சுக்கிட்டாளோ என்னமோ. கேக்கலாம்னா இப்ப அம்மா இல்ல.

அந்த வீடியோவ அழிச்சிட்டு ஒரு வரி எழுதுங்க. மத்தத பெறகு பேசுவோம்.