நீண்ட நொர்ஸ்க் சொல்லை எங்கே உடைப்பது, எங்கே அழுத்துவது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: நீட்டு நீட்டாக எழுதியிருக்கும் நொர்ஸ்க், அதாவது நோர்வே மொழிச் சொற்கள். எங்கே மூச்சு விடுவது, எங்கே அழுத்துவது, வரி முடிந்தால் எங்கே வெட்டுவது என்று கேட்கிறீர்கள். ஒஸ்லோவில் என் மாலை வகுப்புக்கு வருகிறவர்களுக்கும் இதே சிக்கல்தான். அதனால் எல்லாவற்றையும் சேர்த்து எழுதுகிறேன். சொற்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். முழு ஒலியும் அதில் வராது. ஆனாலும் நோர்வேயில் இருக்கிற உங்களுக்கு இவை தினமும் காதில் விழும் சொற்கள்தான்.

கேள்வி: மகளுக்குப் பாலர் பள்ளியில் இடம் கேட்டுப் பேசினேன். "பார்னெஹாகெப்ளாஸ்" என்று மூன்று தரம் சொல்லியும் அந்தப் பெண்ணுக்கு விளங்கவில்லை. எழுதிக் காட்டியதும் உடனே விளங்கிவிட்டது. நான் என்ன பிழை விட்டேன்?

எழுத்துகளை எல்லாம் சரியாகத்தான் சொல்லியிருப்பீர்கள். அழுத்தம்தான் இடம் மாறியிருக்கும். தமிழில் எந்த அசையை அழுத்தினாலும் பொருள் மாறாது. அதனால் நாங்கள் ஐந்து அசைக்கும் ஒரே பலத்தைக் கொடுத்து, கடைசியில் 'ப்ளாஸ்' என்று ஒரு தட்டும் தட்டிவிடுவோம். நோர்வேக்காரரின் காது அப்படிக் கேட்பதில்லை. பெரிய அழுத்தம் விழும் இடத்தை வைத்துத்தான் அது சொல்லைத் தேடும். 'ப்ளாஸ்' மேல் பெரிய அழுத்தம் விழுந்தால், அங்கே வேறொரு சொல் தொடங்கிவிட்டது என்று நினைத்துக்கொள்ளும்.

கூட்டுச்சொல்லில் பெரிய அழுத்தம் முதல் துண்டுக்கு. இரண்டாவது, கொஞ்சம் சின்ன அழுத்தம் கடைசிப் பெரிய துண்டுக்கு. இடையில் வருவதெல்லாம் தாழ்ந்து போக வேண்டும். பார்னெஹாகெ என்று மட்டும் சொன்னால் 'பார்' பெரியது, 'ஹா' சின்னது. அதோடு ப்ளாஸ் சேர்ந்ததும் 'ஹா' தன் இடத்தைப் ப்ளாஸுக்கு விட்டுக்கொடுத்துவிடும்.

வகுப்பில் இதை மேசையில் தட்டித்தான் காட்டுவேன். முதல் துண்டுக்கு விரல் முட்டியால் பலமாக ஒரு தட்டு. கடைசித் துண்டுக்கு விரல் நுனியால் மெதுவாக ஒரு தட்டு. இடையில் கை அந்தரத்திலேயே நிற்க வேண்டும். முதல் வாரம் எல்லோருடைய கையும் 'ஹா'வில் தானாகவே இறங்கிவிடும். நான்கைந்து நாள் பழகினால் நின்றுவிடுகிறது.

இன்னொன்று, இது எங்களுக்கு வாய்த்த வசதி. கிழக்கு நோர்வேயில் 'ர'வுக்குப் பின் 'ன' வந்தால் இரண்டும் உருகி எங்கள் 'ண' ஆகிவிடும். 'பார்னெ' என்று எழுதியிருப்பதைப் 'பாணெ' என்று சொல்லுங்கள். மற்ற நாட்டுக்காரர் மாதக்கணக்கில் பழகும் ஒலி உங்கள் நாக்கில் ஏற்கெனவே இருக்கிறது.

கேள்வி: அப்படியானால் 'ட' என்ற ஒலியும் அங்கே உண்டா? நான் எல்லா இடத்திலும் 'ட' போட்டுத்தான் பேசுகிறேன்.

உண்டு, ஆனால் 'ர'வுக்குப் பின்னால் மட்டும். ஸ்தூர், திங் என்ற இரண்டும் சேர்ந்த பாராளுமன்றத்தின் பெயர் ஒஸ்லோக்காரர் வாயில் 'ஸ்தூட்டிங்ஙெ' என்று வரும். மூட்டில் நிற்கும் 'ர'வும் 'த'வும் சேர்ந்து 'ட' ஆகிவிட்டது. கடைசியில் எழுதியிருக்கும் 'த்' ஒலிக்காது. 'ர' இல்லாத இடத்தில் பல்லை ஒட்டிய 'த' போதும். கூரை 'தாக்', 'டாக்' அல்ல.

கேள்வி: எந்த அசை நீளம், எந்த அசை குறுக்கம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அழுத்தம் விழும் அசை ஒன்றில் நெடிலாக இருக்கும், இல்லாவிட்டால் குறிலும் அதன்பின் அழுந்திய மெய்யுமாக இருக்கும். தனிக்குறில் அழுத்தத்தைத் தாங்காது. 'தாக்' கூரை, 'தக்' நன்றி. எழுத்தில் மெய் ஒன்றானால் பெரும்பாலும் நெடில், இரட்டித்தால் குறில். கூட்டுச்சொல்லின் இரண்டாம் துண்டுக்கும் சின்ன அழுத்தம் இருப்பதால் அதன் நெடிலைச் சுருக்கிவிடாதீர்கள்.

கேள்வி: கையால் கடிதம் எழுதும்போது வரி முடிந்துவிட்டால் நீண்ட சொல்லை எங்கே வெட்ட வேண்டும்?

மூட்டில் வெட்டுங்கள். கோழியைத் துண்டாக்குகிறவர் எலும்பின் நடுவில் கத்தி வைப்பதில்லை, அதே மாதிரித்தான். பாலர் பள்ளி பார்னெ-ஹாகெ, வேலையிடம் ஆர்பைட்ஸ்-ப்ளாஸ். கூட்டாக இல்லாத தனிச்சொல் என்றால் ஒரு மெய் அடுத்த வரிக்குப் போகும்: வின்-தெர்.

ஒரே ஓர் இடத்தில் கவனம் வேண்டும். புஸ் என்ற சொல் இரண்டு 'ஸ்'ஸில் முடியும், ஸ்தொப் ஒரு 'ஸ்'ஸில் தொடங்கும். சேர்த்து எழுதும்போது மூன்று 'ஸ்' வராது, இரண்டுதான் எழுதுவோம். ஆனால் வரி முடிவில் அதே சொல்லை வெட்டினால் தொலைந்த 'ஸ்' திரும்பி வரும். மேலே இரண்டு, கீழே ஒன்று. இரவு ரயிலுக்குச் சொல்லும் நத்தோக் என்ற சொல்லிலும் 'த்' இப்படித்தான் ஒளிந்திருக்கிறது.

கேள்வி: சில சொற்களுக்கு நடுவில் ஒரு 'ஸ்' வருகிறது, சிலவற்றில் 'எ' வருகிறது, சிலவற்றில் ஒன்றும் இல்லை. இதற்கு ஏதும் விதி இருக்கிறதா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. தமிழ் படித்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம்: அது சாரியை. பனையும் காயும் சேர்ந்தால் பனைகாய் என்று சொல்வதில்லை, நடுவில் 'அம்' வந்து பனங்காய் ஆகிறது. பனங்கட்டியும் பனங்கிழங்கும் அப்படியே. ஆனால் பனையோலையில் அந்த 'அம்' வராது. நொர்ஸ்கிலும் நத்தார் மரம் யூலெத்ரே, நடுவில் 'எ' இருக்கிறது. நத்தாருக்கு முதல் நாள் மாலை யூலாஃப்தன், அங்கே 'எ' இல்லை. சின்ன வயதில் பனங்காயை யாரும் விதி சொல்லித் தந்து நாங்கள் படிக்கவில்லை. இதிலும் பெரும்பகுதி சொல்லோடு சொல்லாகப் பழகுவதுதான்.

ஆனால் 'ஸ்' செய்யும் ஒரு வேலையைத் தெரிந்துகொண்டால் நீண்ட சொல்லை வாசிப்பது பாதி சுலபமாகிவிடும். வைன் குடிக்கும் கிளாஸ் வீன்கிளாஸ், நடுவில் 'ஸ்' இல்லை. சிவப்பு வைன் கிளாஸ் என்றால் ரொவீன்ஸ்கிளாஸ், திடீரென்று ஒரு 'ஸ்' வந்து உட்கார்ந்துகொள்கிறது. அந்த 'ஸ்' சொல்வது இதுதான்: எனக்கு முன்னால் இருப்பது ஏற்கெனவே ஒரு கூட்டுச்சொல், அதை முதலில் ஒன்றாகக் கட்டு, பிறகு கிளாஸோடு சேர். சிவப்பாக இருப்பது வைன், கிளாஸ் அல்ல. சட்டப் புத்தகம் லோவ்பூக். அரசியலமைப்பு நாளான மே 17 க்ருன்லோவ்ஸ்டாகன். 1814இல் ஐட்ஸ்வொல்லில் கையெழுத்தான அந்த அடிப்படைச் சட்டத்தின் பெயரே க்ருன், லோவ் என்ற இரண்டின் கூட்டு. அதனால்தான் 'ஸ்' வந்தது.

எல்லாக் கூட்டிலும் இது வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். பந்து மைதானம் ஃபூத்பால்பானெ, அதில் 'ஸ்' கிடையாது. அழுத்தமில்லாத 'எ'யில் முடியும் துண்டுக்குப் பின்னாலும் பெரும்பாலும் வராது. பார்னெஹாகெப்ளாஸில் வராதது அதனால்தான். ஒஸ்லோ நிலக்கீழ் ரயிலில் தினமும் அறிவிக்கும் யேண்பானெதொர்கெயிலும் அப்படியே. யேண் இரும்பு, பானெ பாதை, இரண்டும் சேர்ந்து இரும்புப்பாதை. தொர்கெ அதன் சதுக்கம். அடுத்த முறை அந்த அறிவிப்பு வரும்போது கண்ணை மூடிக் கேளுங்கள். 'யேண்' பெரியதாக, 'தொர்' சின்னதாக, 'பானெ' தாழ்ந்து போவது தெளிவாகக் கேட்கும்.

சொல்லும்போது அந்த 'ஸ்' முன்துண்டோடுதான் ஒட்ட வேண்டும். ஆர்பைட்ஸ், ப்ளாஸ். எங்களில் பலர் ஆர்பைட், ஸ்ப்ளாஸ் என்று சொல்கிறோம். ஸ்ப்ளாஸ் என்றொரு சொல் இல்லை, கேட்கிறவர் அங்கே தடுக்கி விழுகிறார்.

கேள்வி: மகனின் கட்டுரையில் ஒரு சொல்லை இரண்டாகப் பிரித்து எழுதியதற்கெல்லாம் சிவப்புக் கோடு போட்டிருக்கிறார்கள். ஓர் இடைவெளிக்கு இவ்வளவு கண்டிப்பா?

ஆசிரியரின் பக்கம்தான் நான் நிற்பேன். ஓர் இடைவெளி பொருளையே புரட்டிவிடும். ஈஸ்டர் காலத்தில் நோர்வே வீடுகளில் ஆட்டுக்குட்டித் தொடை வாட்டுவார்கள், அதன் பெயர் லம்மெலோர். அதை லம்மெ லோர் என்று பிரித்து எழுதினால் முடங்கிப்போன தொடைகள் என்று பொருள். ரொய்க்ஃப்ரித் என்று சேர்த்து எழுதினால் இங்கே புகைக்கக் கூடாது. ரொய்க் ஃப்ரித் என்று பிரித்தால் தாராளமாகப் புகைக்கலாம்.

மகனுக்கு விளக்க நம்முடைய உதாரணம் ஒன்றையே எடுங்கள். தந்தப் பலகை என்றால் யானைத் தந்தத்தில் செய்தது. தந்த பலகை என்றால் யாரோ கொடுத்தது. ஒற்று ஒன்று இருப்பதும் இல்லாததும் தமிழில் செய்யும் வேலையை நொர்ஸ்கில் இடைவெளி செய்கிறது.

மகன் செய்ய வேண்டியது ஒன்றுதான்: எழுதுவதற்கு முன் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். பெரிய அழுத்தம் ஒன்றுதான் என்றால் அது ஒரே சொல், சேர்த்து எழுத வேண்டும். இரண்டு பெரிய அழுத்தம் கேட்டால் இரண்டு சொல். இங்கே பிறந்த பிள்ளைகளின் காது இதில் பிழை விடாது. கைதான் பழக வேண்டும். எங்களுக்கு அது தலைகீழ்.

சேர்த்து எழுதிய பிறகும் இரண்டு விதமாகப் பிரியும் சொற்கள் உண்டு. ஃபிஸ்கெரெத் என்பது மீன்கறியாகவும் இருக்கலாம், மீன்பிடிக்கும் உரிமையாகவும் இருக்கலாம். எங்கள் 'பலகை', 'பல கை' மாதிரி. எது என்பதைச் சுற்றியுள்ள பேச்சு சொல்லிவிடும்.

கேள்வி: முதல் அசையில்தான் அழுத்தம் என்று படித்தேன். ஆனால் வங்கியில் பணம் செலுத்தும் அட்டைக்குச் சொல்லும் 'பெதாலிங்ஸ்கொட்' என்ற சொல்லில் 'தா'வை அழுத்துகிறார்களே?

விதி முதல் அசை அல்ல, முதல் துண்டு. அந்தத் துண்டு தனியாக நிற்கும்போது எங்கே அழுத்தம் வாங்குமோ, கூட்டிலும் அங்கேயே வாங்கும். பெதாலிங் என்பதில் 'பெ' வெறும் முன்னொட்டு, அழுத்தம் 'தா'வில். காப்புறுதி நிறுவனத்தின் பெயரான ஃபொஷிக்ரிங்ஸ்செல்ஸ்காபிலும் அப்படித்தான், 'ஷி'யில் அழுத்துங்கள்.

உண்மையான விலக்குகளும் இருக்கின்றன, அவற்றை மனப்பாடம் செய்துவிடுங்கள். 'தேவையான' என்ற பொருளுடைய நொட்வெந்தியில் 'வெ'. 'நிச்சயமாக' என்ற பொருளில் வரும் செல்ஃபொல்யெலியில் 'ஃபொல்'. கிறிஸ்தியன்சன் நகரின் பெயரில் கடைசி 'சன்'. இருபத்தைந்து முதலான எண்களிலும் கடைசித் துண்டே கனக்கும். முன்பு இங்கே ஐந்தும் இருபதும் என்றுதான் எண்ணினார்கள். தொலைபேசி எண்களைச் சொல்வதில் வந்த குழப்பத்தால் 1951 யூலை 1ஆம் தேதி புதிய முறை நடைமுறைக்கு வந்தது. பழைய முறையில் எண்ணும் வயதானவர்கள் இன்னும் இருக்கிறார்கள், கேட்டால் திகைக்க வேண்டாம்.

கேள்வி: நாங்கள் பேர்கனில் இருக்கிறோம். ஒஸ்லோவில் உள்ள என் அண்ணாவின் பிள்ளைகள் பேசும் இராகம் வேறு மாதிரி இருக்கிறது. எது சரி?

இரண்டும் சரி. அழுத்தம் விழும் இடம் ஒன்றுதான், அதன்மேல் ஏறும் இராகம்தான் மாறுகிறது. நொர்ஸ்கில் சொல்லுக்கு இரண்டு இராகம் உண்டு. ஒஸ்லோவில் 'பொன்னெர்' என்று தாழத் தொடங்கி மேலே ஏற்றினால் விவசாயிகள். உயரத் தொடங்கி இறக்கி, மீண்டும் ஏற்றினால் போஞ்சி. பேர்கனில் ஒஸ்லோக்காரர் தாழ்த்தும் இடத்தில் உயர்த்துவார்கள். அங்கே 'ர'வும் தொண்டையில் உருளுவதால், நான் மேலே சொன்ன 'ட', 'ண' கிடையாது. உங்கள் பிள்ளைகள் 'பார்னெ' என்றே சொல்வார்கள், திருத்தப் போகாதீர்கள்.

கூட்டுச்சொல் எவ்வளவு நீண்டாலும் அதற்கு இராகம் ஒன்றுதான். முதல் துண்டு தனியாக இரண்டாம் இராகத்தில் வந்தால் முழுச் சொல்லும் அதே இராகத்தில் வரும். முதல் துண்டு ஓரசையாக இருந்தால் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டுத்தான் பழக வேண்டும்.

கேள்வி: நாவ் அலுவலகத்தின் முழுப் பெயரில் 'ஆர்பைட்ஸ்' என்ற சொல்லுக்குப் பிறகு ஒரு கோடு தொங்குகிறதே, அது என்ன?

ஆர்பைட்ஸ்- ஓ வெல்ஃபெர்ட்ஸ்எதாதன். வேலைத் திணைக்களமும் நலன்புரித் திணைக்களமும் என்று இரண்டு தரம் எழுதாமல், 'எதாதன்' இங்கேயும் சேரும் என்று காட்டும் கோடு அது. 2006 யூலை 1 முதல் இரண்டு வேலையையும் ஒரே அலுவலகம் பார்க்கிறது. வாசிக்கும்போது கோட்டில் நிறுத்த வேண்டாம்.

கேள்வி: பத்தாம் வகுப்பில் படிக்கும் மகன், மிக நீண்ட நொர்ஸ்க் சொல் எது என்று கேட்கிறான்.

முடிவே கிடையாது, ஒட்டிக்கொண்டே போகலாம். ஆனால் எல்லோரும் எடுத்துக்காட்டும் சொல் ஒன்று இருக்கிறது, அதில் 60 எழுத்து. மூட்டுகளில் பிரித்துத் தருகிறேன்: மினொரிதேத்ஸ், லாட்னிங்ஸ், பேரர், டிஃபுஷூன்ஸ், கோஎஃபிசியென்த், மோலிங்ஸ், அப்பராதூர். ஏழு துண்டு, அதில் நான்கு சாரியை 'ஸ்'.

பொருளைக் கடைசியிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். அப்பராதூர் கருவித்தொகுதி. எதற்கு? மோலிங், அளப்பதற்கு. எதை? விரவல் கெழுவை, அதாவது எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்பதைக் காட்டும் எண்ணை. எதனுடைய? குறைகடத்தியில் சிறுபான்மையாக இருக்கும் மின்னூட்ட ஏந்திகளுடையது. பெரிய அழுத்தம் 'மி'யில் இல்லை, 'தேத்'தில். மினொரிதேத் தனியாக நின்றாலும் அங்கேதான் அழுந்தும். மகனை விரல் முட்டியால் 'தேத்'தில் ஒரு தட்டு தட்டிவிட்டு, 'அப்பராதூர்' வரும்வரை கையைத் தூக்கியபடியே சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள்.