பெட்டி கட்டும் முன்: வெளிநாட்டுப் பயணமும் உடல்நலமும்
வாசகர் கேள்வி - பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வெளிநாட்டுப் பயணத்தைப் பற்றியவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துக்கொண்டு, சிலவற்றுக்கு விரிவாகவும் சிலவற்றுக்குச் சுருக்கமாகவும் நம் மருத்துவர் பதில் தருகிறார்.

கேள்வி: என் மகளுக்கு அமெரிக்காவில், நியூஜெர்சியில் பிரசவம். ஆறு மாதம் உடனிருக்கப் போகிறேன். எனக்கு வயது 62. நீண்ட காலமாகச் சர்க்கரை நோய் உண்டு. காலையும் இரவும் இன்சுலின் போட்டுக்கொள்கிறேன். ஊசியை விமானத்தில் எப்படிக் கொண்டுபோவது? ஆறு மாதத்துக்கான மருந்தை இங்கேயே வாங்கிக்கொள்ளலாமா? மகளுக்குப் பிரசவ லேகியமும் எடுத்துப் போக எண்ணியிருக்கிறேன்.
— ஒரு வாசகி, மேற்கு மாம்பலம்

பதில்: தாங்கள் கேட்காத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன், பெரிய ஆபத்து அதில்தான் இருக்கிறது. தாங்கள் பயன்படுத்துவது இன்சுலின் அடைத்த பேனா வடிவ ஊசிக்கருவியா, சிரிஞ்சில் இழுத்துப் போடும் குப்பியா என்று எழுதவில்லை. குப்பியாக இருந்தால், அதன் லேபிளைக் கையில் எடுத்துப் படித்துப் பாருங்கள். நம் ஊர் மருந்துக் கடைகளில் கிடைக்கும் இன்சுலின் குப்பிகளில் பெரும்பாலானவை ஒரு மில்லி லிட்டருக்கு 40 யூனிட் அளவுள்ளவை. அதற்கென்றே சிவப்பு மூடி போட்ட சிரிஞ்சு விற்கிறார்கள். அமெரிக்காவில் கிடைப்பதோ மில்லி லிட்டருக்கு 100 யூனிட். அதற்குரிய சிரிஞ்சின் மூடி ஆரஞ்சு நிறம். இங்கிருந்து கொண்டுபோன குப்பி தீர்ந்ததும் அங்கே ஒரு குப்பி வாங்கி, வழக்கம்போல் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்துப் போட்டீர்களானால், உடலுக்குள் போவது 20 யூனிட் அல்ல, 50 யூனிட். இரண்டரை மடங்கு. தூக்கத்திலேயே சர்க்கரை தாழ்ந்து நினைவு தப்பிப்போக இது போதும். மாறாக, இங்கு வாங்கிய குப்பியிலிருந்து அங்கு வாங்கிய ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சில் அதே 20 வரை இழுத்தால், கிடைப்பது வெறும் 8 யூனிட். ஆகவே இந்த ஊர்க் குப்பிக்கு இந்த ஊர்ச் சிரிஞ்சு, அந்த ஊர்க் குப்பிக்கு அந்த ஊர்ச் சிரிஞ்சு. இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டு வைக்கவே கூடாது. புறப்படும் முன்பே தங்கள் மருத்துவரிடம் கேட்டுப் பேனாவுக்கு மாறிக்கொள்வது இதைவிட நிம்மதி. பேனாவில் அடைக்கப்படும் இன்சுலின் இங்கும் பொதுவாக 100 யூனிட் அளவுதான்.

இன்சுலின் முழுவதும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். சரக்கு அறைக்குப் போகும் பெட்டியில் வைத்தால் குளிரில் உறைந்துபோகலாம். ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகிய பிறகு பார்வைக்குச் சரியாகவே தெரிந்தாலும் அதை நம்பக் கூடாது. அதே காரணத்தால், பணிப்பெண்ணிடம் கொடுத்து ஐஸ் பெட்டியில் வைக்கச் சொல்வதும் வேண்டாம். பயன்பாட்டில் உள்ள பேனாவோ குப்பியோ, வெயில் படாமல் இருந்தால், சாதாரண அறை வெப்பத்தில் ஏறக்குறைய நான்கு வாரம் தாங்கும். ஊசியும் இன்சுலினும் தேவை என்பதற்கு மருத்துவரின் ஆங்கிலக் கடிதம் ஒன்று கையில் இருக்கட்டும்.

நேர வித்தியாசம் அடுத்த சிக்கல். நியூஜெர்சி நமக்குக் கோடையில் ஒன்பதரை மணி நேரமும் குளிர்காலத்தில் பத்தரை மணி நேரமும் பின்தங்கியிருக்கிறது. மேற்கு நோக்கிப் போகும்போது அந்த ஒரு நாள் அவ்வளவு நீண்டுவிடும். திரும்பி வரும்போது சுருங்கிவிடும். நீண்ட நாளில் கூடுதல் இன்சுலினும் சுருங்கிய நாளில் குறைவான இன்சுலினும் தேவைப்படலாம் என்பதுதான் பொதுக் கணக்கு. ஆனால் தங்களுக்கு எவ்வளவு என்பதைப் பயணச்சீட்டை மேசைமேல் வைத்துக்கொண்டு தங்கள் மருத்துவர்தான் ஒரு தாளில் எழுதித் தர வேண்டும். போய் இறங்கும்வரை கைக்கடிகாரத்தைச் சென்னை நேரத்திலேயே விட்டுவிடுங்கள். உணவுக்கு முன் போடும் ஊசியை, தட்டு தங்கள் முன்னால் வந்து வைக்கப்பட்ட பிறகே போடுங்கள். விமானம் குலுங்கத் தொடங்கினால் உணவு வண்டி பாதியில் நின்றுவிடும், போட்ட ஊசி நிற்காது. குளுக்கோஸ் மாத்திரையோ மிட்டாயோ கைப்பையில் அல்ல, சட்டெனக் கை எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

மருந்தின் அளவைப் பொறுத்தவரை, சொந்தப் பயன்பாட்டுக்கு ஏறக்குறைய 90 நாள் மருந்து என்பதே அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் சொல்லும் பொது வரம்பு. மீதி மூன்று மாதத்துக்கு அங்குள்ள மருத்துவர் ஒருவரைப் பார்த்துப் பரிந்துரைச் சீட்டு வாங்கிக்கொள்வதற்கு மகளை இப்போதே ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். அந்த மருத்துவருக்கு நம் ஊர் பிராண்டு பெயர்கள் புரியா. எனவே சீட்டில் மருந்தின் மூலப்பெயர் இருக்க வேண்டும். நம் வீடுகளில் மாத்திரைப் பட்டையைக் கத்தரியால் துண்டு துண்டாக வெட்டி, காலை, மதியம், இரவு என்று டப்பாவில் பிரித்துப் போட்டு வைக்கும் வழக்கம் உண்டு. வீட்டுக்கு அது நல்ல வழக்கம்தான். சுங்க அதிகாரியின் முன்னால் பெயரும் காலாவதித் தேதியும் இல்லாத அந்தத் துண்டுகள் என்ன மருந்து என்று யாராலும் சொல்ல முடியாது. முழுப் பட்டையாக, பில்லோடு, மருத்துவரின் சீட்டோடு எடுத்துச் செல்லுங்கள்.

லேகியம் குறித்துச் சற்றுக் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. 2011, 2012 ஆண்டுகளில் நியூயார்க் நகரில் கருவுற்றிருந்த 6 பெண்களின் ரத்தத்தில் ஈயம் மிகுந்திருந்ததை அந்நகரச் சுகாதாரத் துறை ஆராய்ந்தபோது, அவர்கள் உட்கொண்ட, இந்தியாவிலிருந்து வந்த ஆயுர்வேத மாத்திரைகளே காரணம் என்று தெரிந்தது. எல்லா லேகியத்திலும் ஈயம் உண்டு என்று நான் சொல்லவில்லை. சுக்கும் மிளகும் ஓமமும் போட்டு வீட்டில் கிளறிய லேகியத்தையும் பெயர் தெரியாத பொட்டலத்தில் வரும் சூரணத்தையும் ஒன்றாகப் பார்க்கவும் இல்லை. ஆனால் இன்னதுதான் சேர்ந்திருக்கிறது என்று உறுதியாகத் தெரியாத எதையும், தாய்ப்பால் கொடுக்கப்போகும் பெண்ணுக்காகக் கடல் தாண்டிக் கொண்டுபோக வேண்டாம். அதற்குப் பதிலாகப் பேரக்குழந்தைக்குத் தாங்கள் கொண்டுபோக வேண்டியது ஒன்று உண்டு: கக்குவான் இருமல் தடுப்பூசி. பெரியவர்களுக்குச் சாதாரண இருமலாகத் தோன்றும் இந்நோய், பிறந்து சில வாரமே ஆன குழந்தைக்கு உயிராபத்தாகலாம். குழந்தையைத் தூக்குவதற்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே பெரியவர்களுக்கான ஊசியைச் சென்னையிலேயே போட்டுக்கொள்ளுங்கள். தாத்தாவும் வருவதாக இருந்தால் அவருக்கும் சேர்த்து.

கேள்வி: என் மகன் துபாயில் கட்டுமான நிறுவனம் ஒன்றில் மேற்பார்வையாளராகச் சேரப் போகிறான். வீட்டிலிருந்து சளி, இருமல், முதுகுவலி மருந்துகளும் மசாலாப் பொடிகளும் கட்டிக்கொடுக்கிறோம். கவனிக்க வேண்டியது ஏதேனும் உண்டா?
— ஒரு வாசகர், பெரம்பூர்

பதில்: உண்டு, மருந்தைவிடப் பொடியில் தொடங்குகிறேன். குருமாவுக்குக் கசகசா போடுவது நமக்குச் சாதாரணம். ஐக்கிய அரபு அமீரகத்தில் கசகசா தடை செய்யப்பட்ட பொருள். சவூதி அரேபியாவிலும் சிங்கப்பூரிலும் அப்படியே. அபினிச் செடியின் விதை என்பதால் அங்கே அது போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. அறியாமல் கொண்டுவந்தேன் என்பது அங்கே பதிலாகாது. தனியாகப் பொட்டலம் கட்டிய கசகசா மட்டுமல்ல, குருமாப் பொடியில் அரைத்துச் சேர்த்ததும் வேண்டாம்.

மருந்துகளில், கோடீன் சேர்ந்த இருமல் மருந்து, டிரமடால் சேர்ந்த வலி மாத்திரை, அல்பிரசோலம் போன்ற தூக்க, பதற்ற மாத்திரைகள் ஆகியவற்றுக்கு அமீரக அரசின் இணையதளத்தில் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். முதுகுவலிக்கென்று கடையில் தரும் மாத்திரையில் பாராசிட்டமாலோடு டிரமடாலும் சேர்ந்திருப்பது உண்டு. பட்டையின் பின்புறம் பொடி எழுத்தில் இருக்கும், கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள். பக்கத்து ஊர்க்காரருக்கென்று யாராவது ஒட்டிய உறையில் கொடுத்தனுப்பும் மருந்தை, கொடுப்பவர் எவ்வளவு நெருங்கிய உறவானாலும், வாங்கிக்கொள்ளவே வேண்டாம்.

வெயிலைப் பற்றியும் ஒரு சொல். சென்னை வெயிலில் வளர்ந்தவனுக்குத் துபாய் வெயில் என்ன செய்யும் என்று எண்ணிவிட வேண்டாம். உடல் புதிய வெப்பத்துக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் பிடிக்கும். வெப்பத்தாக்கு பெரும்பாலும் அந்த முதல் நாட்களில்தான் ஆளை வீழ்த்துகிறது. அமீரகத்தில் ஆண்டுதோறும் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 மணியிலிருந்து 3 மணிவரை திறந்தவெளி வேலைக்குத் தடை இருக்கிறது. மேற்பார்வையாளர் என்ற முறையில் தன் ஆட்களுக்கும் அந்த ஓய்வைக் கொடுக்க வேண்டிய பொறுப்பு தங்கள் மகனுக்கு உண்டு. வேலை செய்துகொண்டிருப்பவர் உளறத் தொடங்கினால் அது களைப்பு அல்ல. உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடலை நனைத்துக் காற்று வீசிக் குளிர்வித்தபடியே 998 என்ற எண்ணில் ஆம்புலன்சை அழைக்க வேண்டும்.

கேள்வி: நிறுவன வேலையாக நைஜீரியாவின் லாகோஸ் நகருக்கு மூன்று மாதம் போகிறேன். மஞ்சள் காய்ச்சல் ஊசி எங்கே போடுகிறார்கள்? எனக்குச் சிறு வயதில் மலேரியா வந்திருக்கிறது. எதிர்ப்புச் சக்தி இருக்கும்தானே?
— ஒரு வாசகர், போரூர்

பதில்: மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை எல்லா மருத்துவமனைகளிலும் போடுவதில்லை, அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே போட்டுச் சான்று தருவார்கள். சென்னையில் கிண்டி கிங் நிலையமும் துறைமுகச் சுகாதார அலுவலகமும் அத்தகையவை. ஒரு குப்பியில் பலருக்கான மருந்து இருக்கும். திறந்த சில மணி நேரத்துக்குள் அதைத் தீர்த்தாக வேண்டும் என்பதால், குறிப்பிட்ட நாட்களில் முன்பதிவு செய்தவர்களை ஒன்றாக வரவழைத்துப் போடுகிறார்கள். எனவே கடைசி வாரத்தில் போய் நின்றால் கிடைக்காது. கிடைத்தாலும் பயனில்லை, ஏனெனில் ஊசி போட்ட 10-ஆம் நாளிலிருந்துதான் சான்று செல்லும். 2016 ஜூலை முதல் இந்தச் சான்றுக்கு வாழ்நாள் முழுவதும் மதிப்பு உண்டு. சான்றாகத் தரும் மஞ்சள் நிறப் புத்தகத்தைக் கடவுச்சீட்டோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். முட்டை ஒவ்வாமை, நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் சிகிச்சை, 60 வயதுக்கு மேல் என்பவற்றுள் எதுவும் பொருந்தினால் முன்பே சொல்லிவிட வேண்டும்.

நம் நாட்டில் மஞ்சள் காய்ச்சல் இல்லை. ஆனால் அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு, டெங்குவைத் தரும் அதே கொசு, நம் தெருவெங்கும் இருக்கிறது. அதனால்தான் அந்நோயுள்ள நாடுகளிலிருந்து சான்றில்லாமல் திரும்புகிறவர்களை மீனம்பாக்கத்தில் இறங்கியதும் 6 நாள்வரை தனிமைப்படுத்தி வைக்கச் சட்டம் இடம் தருகிறது.

மலேரியா விஷயத்தில் தங்கள் நம்பிக்கை தவறு. சிறு வயதில் பெற்ற எதிர்ப்புச் சக்தி நிலைத்திருப்பதில்லை. மேலும் சென்னையில் பெரும்பாலும் வந்தது வைவாக்ஸ் வகை. ஆப்பிரிக்காவில் பெரிதும் பரவியிருப்பது ஃபால்சிபாரம். அது மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கி, சிகிச்சை தாமதமானால் ஓரிரு நாளில் உயிரையே பறிக்கக்கூடியது. பழைய மலேரியா மாத்திரையான குளோரோகுயின் அங்கே பலிக்காது, வேறு தடுப்பு மாத்திரை வேண்டும். டாக்சிசைக்ளின் என்றால் புறப்படுவதற்கு ஓரிரு நாள் முன்பே தொடங்கித் தினமும் ஒன்று, திரும்பி வந்த பிறகும் 4 வாரம். மெஃப்ளோகுயின் என்றால் வாரம் ஒன்று. இரண்டு, மூன்று வாரம் முன்பே தொடங்க வேண்டும், மனநலச் சிக்கலோ வலிப்போ இருந்தவர்களுக்கு ஆகாது. எது தங்களுக்கு ஏற்றது என்பதை மருத்துவர் முடிவு செய்வார். ஊருக்கு வந்ததும் நன்றாகத்தானே இருக்கிறோம் என்று பாதியில் நிறுத்திவிடுவதுதான் பலர் செய்யும் பிழை. திரும்பிய பின் சில மாதங்களுக்குள் எந்தக் காய்ச்சல் வந்தாலும், “நைஜீரியா போய் வந்தேன், மலேரியாவுக்கு ரத்தம் பாருங்கள்” என்று தாங்களே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இங்கே டெங்குவைத்தான் முதலில் தேடுவார்கள்.

கேள்வி: நீண்ட விமானப் பயணத்தில் கால் வீங்குகிறது. ஆஸ்பிரின் ஒன்று போட்டுக்கொண்டு ஏறினால் ரத்தம் உறையாது என்று வாட்ஸ்அப்பில் படித்தேன்.
— ஒரு வாசகி, அடையாறு

பதில்: அந்தக் காரணத்துக்காக மட்டும் ஆஸ்பிரின் வேண்டாம், வயிற்றில் ரத்தக்கசிவு ஏற்படக்கூடும். நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் ரத்தக்கட்டு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட அறிக்கை சொன்னது. ஆனாலும் ஆரோக்கியமானவர்களுக்கு அது 6,000 பேரில் ஒருவருக்கு என்ற அளவே. அவ்வப்போது எழுந்து நடப்பதும் கணுக்காலைச் சுழற்றுவதும் போதும். முன்பு ரத்தக்கட்டு வந்தவர்கள், அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள், கருவுற்றவர்கள் மருத்துவரைக் கேட்டு இறுக்கமான காலுறை அணியலாம். இரு கணுக்காலும் ஒன்றுபோல் வீங்கி மறுநாள் வடிந்துவிட்டால் கவலை இல்லை. ஒரு காலில் மட்டும் வீக்கமும் கெண்டைக்கால் வலியும் இருந்தால், அல்லது மூச்சுத் திணறினால், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கேள்வி: பாலித் தீவில் குரங்கு கீறிவிட்டால் சென்னை வந்து ஊசி போட்டுக்கொள்ளலாமா?
— ஒரு வாசகர், அண்ணா நகர்

பதில்: கூடாது. பாலியில் 2008 முதல் வெறிநாய்க்கடி நோய் இருக்கிறது, குரங்கின் மூலமும் அது தொற்றலாம். காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அங்கேயே முதல் ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள். ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத ஊசியும் தேவை. மீதித் தவணைகளைச் சென்னையில் தொடரலாம். எந்த ஊசி, எந்தத் தேதி என்று எழுதி வாங்கி வாருங்கள்.

கேள்வி: நானும் மனைவியும் ஐரோப்பா போகிறோம். எனக்குப் பைபாஸ் நடந்திருக்கிறது. பயணக் காப்பீட்டு விண்ணப்பத்தில் அதைச் சொன்னால் பிரீமியம் கூடும், சொல்லாதீர்கள் என்கிறார் முகவர்.
— ஓய்வுபெற்ற ஆசிரியர், தாம்பரம்

பதில்: முகவரை மாற்றுங்கள். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ காப்பீடு வேண்டும் என்பதால் பலர் விசாவுக்கான காகிதமாகவே அதைப் பார்க்கிறார்கள். அங்கே நெஞ்சுவலி என்று சேர்ந்தால், தங்கள் மார்பில் இருக்கும் தழும்பைப் பார்த்த முதல் மருத்துவரே பைபாஸ் என்று குறிப்பில் எழுதிவிடுவார். மறைத்தது தெரிந்த நிமிடமே நிறுவனம் கையை விரித்துவிடலாம். ஏற்கெனவே உள்ள நோய்க்கு எவ்வளவு தொகை, எந்த நிலையில் தருவார்கள் என்ற பகுதியைப் பாலிசியில் தேடிப் படியுங்கள். உயிராபத்து நேரத்துக்கு மட்டும் என்று சுருக்கியிருப்பார்கள். காப்பீட்டு நிறுவனத்தின் 24 மணி நேர உதவி எண்ணைத் தங்கள் கைபேசியில் மட்டுமல்ல, மனைவியின் கைபேசியிலும் பதிந்துவையுங்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் அனைத்திலும் ஆம்புலன்சுக்கு 112. முதலில் அதை அழைத்துவிட்டு, மருத்துவமனையில் சேரும்போதே காப்பீட்டு நிறுவனத்துக்கும் தகவல் சொல்ல வேண்டும். கடைசியாக எடுத்த இ.சி.ஜி.யின் நகலும் அறுவைச் சிகிச்சைக்குப் பின் தந்த டிஸ்சார்ஜ் சம்மரியும் மனைவியின் கைப்பையில் இருக்கட்டும்.